50 என்றால் சித்தியா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பெயரைப் போடாமல் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வரும் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர். அவர்களும் வாசிக்கட்டும்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமற் போனது. வாட்டில் வைத்துப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் ‘பார்தெல் 50/100’ என்று எழுதியிருக்கிறது. “ஓ.எல். சோதினையில் 50 எடுத்தால் ‘சி’ சித்தி. அப்படியென்றால் அப்பா பாஸா? அரைவாசி குணமாகிவிட்டார் என்று எடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை, தங்கச்சி. நோய் எவ்வளவு குணமானது என்பதை அந்த எண் சொல்லவில்லை. ஒரு நாளைக் கழிக்க அப்பாவுக்கு இன்னொருவருடைய கை எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. கையில் பலம் எவ்வளவு திரும்பியது, பேச்சு எவ்வளவு திருந்தியது என்பதெல்லாம் வேறு சோதனைகளின் வேலை.

பார்தெல் என்ற அந்தப் புள்ளித் தாள் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், நாட்பட்ட நோயாளர்களை வைத்துப் பராமரித்த வைத்தியசாலைகளில் வேலை செய்த இரண்டு பெண்கள் உருவாக்கியது அது. ஃபுளோரன்ஸ் மஹோனி மருத்துவர். டொரத்தியா பார்தெல் இயன்மருத்துவர். 1955 முதல் தங்கள் நோயாளர்களிடம் பயன்படுத்திப் பார்த்து, 1965இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அது ஓடுகிறது. காரணம் எளிது. மெஷின் வேண்டாம், பேனையும் தாளும் போதும். பார்க்கத் தெரிந்த ஒருவர் சில நிமிடத்தில் நிரப்பிவிடுவார்.

தாளில் பத்து வரி. சாப்பாடு 10, குளிப்பு 5, முகம் கழுவித் தலைவாரிச் சவரம் எடுப்பது 5, உடுப்பு மாற்றுவது 10, மலக் கட்டுப்பாடு 10, சலக் கட்டுப்பாடு 10, மலசலகூடம் பாவிப்பது 10, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது 15, நடை 15, படி ஏறுவது 10. எல்லாம் சேர்ந்தால் 100. முழுதாகத் தானே செய்தால் முழுப் புள்ளி, உதவியோடு செய்தால் அதில் ஒரு பகுதி (குளிப்பு, சவர வரிகளில் அதுவும் இல்லை), முடியாவிட்டால் பூச்சியம்.

நீங்கள் கடிதத்தில் எழுதியதை வைத்து அப்பாவுக்கு நானே போட்டுப் பார்த்தேன். சோறு கறியைக் குழைத்துக் கொடுத்தால் இடக்கையால் எடுத்துச் சாப்பிடுகிறார், 5. சாரத்தின் ஒரு தலைப்பை நீங்கள் பிடித்தால் மற்றதைத் தானே சுற்றிச் செருகுகிறார், 5. மலம் தவறுவதில்லை, 10. சலம் இடைக்கிடை தவறுகிறது, 5. மலசலகூடத்தில் இருந்து எழும்பக் கை கொடுக்க வேண்டும், 5. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற ஒருவர் லேசாகத் தாங்கினால் போதும், 10. ஒருவர் பிடித்துக்கொள்ள 50 யார் தூரம் நடக்கிறார், 10. குளிப்பு, சவரம், படி மூன்றும் பூச்சியம். கூட்டினால் கொப்பியில் இருக்கிற அதே 50.

இப்போது முள்ளந்தண்டில் காயப்பட்ட இன்னொருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் இப்படியானவர்களைத் தேடிப் போகத் தேவையில்லை. போர் நடந்த 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல்களில் ஏறத்தாழ 14,000 பேர் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். காயக்காரர், நோயாளர், அவர்களைத் தாங்கிக்கொண்டு போன சொந்தங்கள். செல் துண்டு முள்ளந்தண்டு வடத்தில் பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமற் போனவர்களும் அந்தக் காலத்துக் காயக்காரர்களில் இருந்தார்கள். அப்படி ஒருவரின் தாளை நிரப்புவோம். தானே சாப்பிடுகிறார், 10. குழாயடியில் கதிரையில் இருந்து தானே குளிக்கிறார், 5. சவரம் 5. உடுப்பு 10. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தோள் பலத்தில் தானே தாவுகிறார், 15. நாற்காலியைத் தானே உருட்டுகிறார், 5. மலம், சலம் இரண்டும் அவர் சொல்வழி கேட்பதில்லை, 0, 0. மலசலகூடக் கதவு ஒடுக்கம், நாற்காலி உள்ளே போகாது, 0. படி 0. கூட்டிப் பாருங்கள், இவருக்கும் 50.

இரண்டு பேருக்கும் ஒரே எண். ஆனால் உங்கள் அப்பாவை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் சந்தைக்குப் போக உங்களால் முடியாது. மற்றவர் பகல் முழுக்க வீட்டில் தனியே இருப்பார். கடை வைத்தால் கல்லாவிலும் இருப்பார். அதேநேரம் ஈரத்தில் இருந்து படுக்கைப்புண் வருவதும், சலம் தேங்கிக் கிருமி சிறுநீரகம் வரை ஏறுவதும் அவருக்குத்தான் ஆபத்து. அப்பாவுக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள். அவருக்கு வேண்டியது கதீற்றர் பழக்கமும், அகலமான கதவும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. வரி வரியாகப் பார்த்தால் எல்லாம் தெரியும்.

அந்தக் கதவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாளைக்கு ஒரு மேசன் வந்து நிலையை உடைத்துக் கதவை அகலமாக்கி, உள்ளே கைபிடிக்க ஒரு இரும்புக் குழாய் பொருத்தி, கொமோட் வைத்துவிட்டால் அந்த வரியில் 0 இருந்த இடத்தில் 10 வரலாம். அவருடைய உடம்பில் ஒரு நரம்புகூட மாறவில்லை. மொத்தம் 60 ஆகிவிடும். கார்ல் கிரேஞ்சர் என்ற அமெரிக்கப் புனர்வாழ்வு மருத்துவர் பாரிசவாத நோயாளர்களின் பார்தெல் புள்ளிகளை ஆராய்ந்து, முழுக்கப் பிறரில் தங்கியிருக்கும் நிலையிலிருந்து ஆள் வெளியே வரத் தொடங்கும் எல்லை 60 என்று 1979இலேயே எழுதினார். மருந்தால் வராத பத்துப் புள்ளி சீமெந்தால் வரலாம் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புள்ளியில் ஒரு பங்கு உடம்பில் இருக்கிறது, ஒரு பங்கு வீட்டிலும் வளவிலும் இருக்கிறது. உடம்பின் பங்கை இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் பார்ப்பார்கள். வீட்டின் பங்கை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

வாட்டில் அப்பா நடந்த 50 யார், மினுக்கின சீமெந்துத் தரையில் நடந்தது. வீட்டிலிருந்து மலசலகூடத்துக்கு இருக்கிற 20 யார், மணல். மாரி தொடங்கினால் சேறு. சக்கர நாற்காலியின் முன் சில்லு மணலில் புதைந்தால், வாட்டில் யார் தயவுமின்றி உருட்டியவரையும் வளவில் இரண்டு பேர் தள்ள வேண்டும். குளிப்பு வரியை எழுதியவர்கள் மனதில் இருந்தது வீட்டுக்குள் இருக்கிற தொட்டியும் ஷவரும். எங்கள் அப்பாமார் குளிப்பது கிணற்றடியில். வழுக்கும் கட்டின் மேல் நின்று, கப்பியில் கயிறு இழுத்து, வாளியைத் தூக்கி ஊற்ற வேண்டும். ஒரு கையால் இதில் எதைச் செய்வது? படி வரியும் அப்படித்தான். மாடி வீடு எங்களுக்கு இல்லை என்று அதை விட்டுவிடாதீர்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டுக்கும் நிலத்திலிருந்து விறாந்தைக்கு ஏற இரண்டு மூன்று படி இருக்கும். அந்த இரண்டு படியில் மாட்டுப்பட்டு, முற்றத்தையே காணாமல் உள்ளே இருக்கிறவர்கள் உண்டு. சாய்தளம் கட்டுவதென்றால் கணக்கு இதுதான்: ஒரு அடி உயரத்துக்குப் 12 அடி நீளம். அதைவிடக் குத்தாகக் கட்டினால் தானே உருட்டி ஏற முடியாது, இறங்கும்போது கவிழும்.

சாப்பாட்டு வரியில் இன்னொரு சங்கதி. தாளின்படி இடக்கையால் சாப்பிட்டாலும் புள்ளி குறையாது. ஆனால் எங்கள் ஊரில் வலக்கை சாப்பிட, இடக்கை கழுவ. வலக்கை விழுந்த ஒரு மனிதர் இடக்கையைச் சோற்றில் வைக்கத் தயங்குவதும், ஆட்கள் வந்தால் “பசிக்கவில்லை” என்று தட்டைத் தள்ளிவிடுவதும் அந்த 5க்குள் தெரியாது. ஒரு கரண்டி வாங்கிக் கொடுங்கள். பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். தட்டின் கீழே ஈரத்துணி விரித்தால் தட்டு வழுக்காது. சோற்றை நீங்கள் குழைக்காமல் வைத்துவிட்டு, அவரே கரண்டியால் கலந்து சாப்பிட எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்திருங்கள். அதில் 5 பத்தாகும் வாய்ப்பு இருக்கிறது.

பொறுத்திருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பார்தெல் தாளை நிரப்புவதற்கு ஒரு விதி இருக்கிறது: ஆளால் என்ன செய்ய முடியும் என்பதைக் கேட்கக்கூடாது, நாளாந்தம் என்ன செய்கிறார் என்பதைத்தான் எழுத வேண்டும். வாட்டில் தானே சேர்ட் போட்ட ஒருவருக்கு வீட்டில் அம்மா போட்டுவிட்டால், வீட்டுப் புள்ளி குறைந்துவிடும். “பாவம், மனுசன் கஷ்டப்படுது” என்று பாசத்தில் நாங்கள் செய்துகொடுக்கும் ஒவ்வொன்றும் அவர் செய்யாமல் விடும் ஒன்றாகிறது. செய்யாமல் விட்டால் சில கிழமையில் கை மறந்துவிடும். பாரிசவாதத்தில் வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதத்தில். அந்தக் காலத்தில் வீட்டுக்காரரின் அவசரத்தைப் போலக் கெடுதல் வேறில்லை. அப்பா ஒரு பொத்தானைப் போட ஐந்து நிமிடம் எடுத்தால் எடுக்கட்டும்.

“அம்மா தொடுவதில்லை, பக்கத்தில் நிற்கிறா, அவ்வளவுதான். அதுவும் உதவியா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். உதவிதான். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்வது எஃப்.ஐ.எம். என்ற இன்னொரு அளவை. 1980களில் அமெரிக்கப் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் இரண்டு சங்கங்கள் சேர்ந்து உருவாக்கியது. மேலே சொன்ன கிரேஞ்சர் அதிலும் முன்னின்றவர். அதில் 18 விடயம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. ஆகக் குறைவு 18, ஆகக் கூட 126. ஆள் தொடாமல் பக்கத்தில் நின்றால் 5. கைத்தடியோ சக்கர நாற்காலியோ பாவித்து, அல்லது கூடுதல் நேரம் எடுத்து, யாருமின்றிச் செய்தால் 6. ஒன்றும் தேவையில்லை என்றால் 7. நோயாளி மற்றவர் மேல் வைக்கும் பாரம் எவ்வளவு என்று அளப்பதுதான் அதன் நோக்கம். 5க்கும் 6க்கும் இடையில் ஒரு புள்ளிதானே என்று தோன்றும். அந்த ஒரு புள்ளி கூடினால் உங்கள் அம்மா வயலுக்குப் போகலாம், கூலிக்குப் போகலாம், மத்தியானம் ஒரு மணித்தியாலம் கண்ணயரலாம். 2009இல் காயப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துவரும் தாய்மார் இப்போது முதுமைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய முதுகும் முழங்காலும் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

எஃப்.ஐ.எம். இன்னொன்றையும் கணக்கில் எடுக்கிறது. சொன்னதை விளங்குவது, தன் மனதைச் சொல்வது, ஆட்களோடு பழகுவது, சிக்கல் வந்தால் தீர்ப்பது, ஞாபகம் என்று ஐந்து விடயம் அதில் உண்டு. பார்தெலில் இவை ஒன்றுமில்லை. அப்பா சொல்ல நினைத்த சொல் வராமல் தடுமாறுகிறார் என்றும், அதனால் பிறகு பேசாமலே இருந்துவிடுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வலப்பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து பாதிக்கும், இரண்டுக்கும் இடப்பக்க மூளைதான் பொறுப்பு. பார்தெலில் 100 எடுத்தவரும் பேச முடியாதவராக இருக்கலாம். ஆகவே பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். 50/100 அதை ஞாபகப்படுத்தாது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பார்தெல் இன்னும் குறைவாகவே பொருந்தும். கணக்கைப் பாருங்கள். நாற்காலியில் இருப்பவர் என்னதான் கெட்டிக்காரராக இருந்தாலும் நடை வரியில் 5க்கு மேல் இல்லை, படியில் 0. கதீற்றரைத் தானே போட்டு, சலப் பையைத் தானே வெறுமையாக்கி, உழைத்துக் குடும்பம் பார்க்கிறவருக்கும் உச்சம் 80. அவருக்கென்றே ஸ்கிம் என்ற அளவை இருக்கிறது. இஸ்ரேலில் லோவன்ஸ்டைன் வைத்தியசாலையில் அமிராம் காட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்டது. அதில் 100இல் 40 புள்ளி மூச்சுக்கும் மலசலத்துக்கும் ஒதுக்கியிருக்கிறது. படுக்கையில் புரண்டு புண் வராமல் காப்பதற்குத் தனிப் புள்ளி. 2007இல் வந்த மூன்றாம் வடிவத்தில் நிலத்திலிருந்து நாற்காலிக்கு ஏறுவதற்கும் ஒரு வரி உண்டு. பாயில் இருந்து சாப்பிட்டு, பாயில் படுத்து எழும்பும் எங்கள் ஆட்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று நினைப்பீர்கள். போருக்குப் பின் வவுனியா பம்பைமடுவில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான சிகிச்சைப் பிரிவு இயங்கியது. இப்போது உங்களுக்குக் கிட்ட இருப்பது மாங்குளம். ஏ9 வீதியில், கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில், மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையத்தை 2024 மே மாதம் திறந்தார்கள். அதே மாங்குளத்தில்தான் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே நடத்தும் ‘உயிரிழை’ அமைப்பும் இருக்கிறது. நாற்காலியை மணலில் எப்படி உருட்டுவது, மலசலகூடத்தை எப்படி மாற்றுவது என்பதை, நாற்காலியிலேயே வாழ்கிற ஒருவரிடம் கேட்பது போல வராது. அப்பாவுக்குப் பாரிசவாதம் என்றாலும் வளவு ஒன்றுதானே.

சட்டமும் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் வீட்டு வாசலுக்கு வெளியே. வலது குறைந்தோரின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. பிரதேச செயலகத்துக்குச் சாய்தளம் கேட்க அவை உதவும். உங்கள் மலசலகூடக் கதவை அவை அகலமாக்காது.

கடைசியாக, நீங்கள் கொஞ்சம் தயங்கி எழுதிய விடயம். “அப்பாவின் புள்ளி கூடினால் மாதக் கொடுப்பனவு நின்றுவிடுமோ, கொஞ்சம் குறைத்துச் சொல்லட்டா?” வலது குறைந்தோருக்கான, 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்த அந்தக் கொடுப்பனவு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குறைத்துச் சொல்லாதீர்கள். பார்தெல் தாளை உருவாக்கியவர்களே, 100 எடுத்தவர் தனியே சீவிக்கலாம் என்று அர்த்தமில்லை என்று எழுதிவைத்தார்கள். சமைக்கவும் வீடு பார்க்கவும் வெளியே போய்வரவும் முடியாதவரும் 100 எடுப்பார். புள்ளி கூடியதால் வறுமை போய்விடாது, அதை எந்த அதிகாரியிடமும் நிமிர்ந்து சொல்லலாம். குறைத்துச் சொன்னால் நடப்பது வேறு. அடுத்த முறை நிரப்பும்போது முன்னேற்றம் தெரியாது, முன்னேற்றம் தெரியாத நோயாளிக்குப் பயிற்சியைத் தொடர யாருக்கும் காரணம் இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அடுத்த கிளினிக்கில் கொப்பியை நீட்டி, “மொத்தம் வேண்டாம், பத்து வரியையும் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, கூச்சம் வேண்டாம். வீட்டுக்கு வந்து அதே பத்து வரியை, அப்பா நாளாந்தம் செய்வதை வைத்து நீங்களே நிரப்புங்கள். இரண்டு தாளிலும் வித்தியாசப்படுகிற வரிகளை எடுங்கள். அந்த வித்தியாசம் வீட்டால் வந்ததா, வீட்டு ஆட்களின் பாசத்தால் வந்ததா என்று பாருங்கள். வீட்டால் வந்ததென்றால் மேசனைக் கூப்பிடுங்கள், பாசத்தால் வந்ததென்றால் ஓரடி தள்ளி நில்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு வரி மட்டும் இலக்கு வையுங்கள். என்னைக் கேட்டால் மலசலகூட வரியில் தொடங்கச் சொல்வேன். ஒரு மனிதர் மற்றவரை எழுப்பாமல் இரவில் தானே போய்வருவதைவிடப் பெரிய சுதந்திரம் அந்தத் தாளில் வேறு வரியில் இல்லை. அப்பாவிடமும் கேளுங்கள், அவர் வேறு வரியைச் சொன்னால் அதிலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்